நேற்றைய கடலுக்கு இன்று வரும் ரிசல்ட்

போன கார்த்திகையில், மூன்று நாள் விடாமல் பெய்த மழை நின்று வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனேன். ஒன்பது வயசுப் பையன். மூன்று நாளும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவன், மணலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஓடினான். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஓரத்தில் வாழைமட்டை, தெர்மாகோல் துண்டுகள், வேரோடு வந்து ஒதுங்கிய ஆகாயத்தாமரை. "மழை பெய்ஞ்சா இப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்" என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் நானேதான் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுத் தன் பெண்ணை இறக்கிவிட்டார். எங்கள் பையன் ஒரு மணி நேரத்துக்கு மேல் அலையில் விழுந்து புரண்டான், வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பித் துப்பிச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை காது வலிக்கிறது என்று அழுதான். புதன்கிழமை முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, "கடல்ல இறங்கினானா?"

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. நான் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் மைக்ரோபயாலஜி பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கேன் தண்ணீர், அடுக்குமாடி வீடுகளின் போர் தண்ணீர், ஓட்டல் தண்ணீர், பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீர் என்று தினமும் பாட்டில் பாட்டிலாக வரும். கடல் தண்ணீரைச் சோதித்துக் கொடுங்கள் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் வந்ததில்லை. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டிப் பிள்ளைக்குக் கொடுக்கிற வீடுதான் எங்களுடையது. அதே பிள்ளை கடலில் எத்தனை வாய் தண்ணீர் குடித்தான் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. காதுவலி கடலால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஒரு பிள்ளையை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் மூன்று நாள் மழைக்குப் பிறகு அடையாறு முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே பிள்ளையை இறக்கியது தப்பு. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்கே தெரியவில்லை என்றால் அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

அதிலிருந்துதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், கரைக்குப் போய்ப் பார்க்கவும் ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் கடல் தண்ணீருக்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரையோரக் கடல் நீரை, எதற்குப் பயன்படுகிறது என்பதை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. உப்பளம், கடல்வாழ் உயிர் வளர்ப்பு, சூழல் ரீதியாகப் பாதுகாக்க வேண்டிய இடங்கள் எல்லாம் முதல் வகுப்பு. குளிக்க, நீந்த, மீன் பிடிக்க என்றால் இரண்டாம் வகுப்பு. ஐந்தாவது, கப்பல் போக்குவரத்துக்கும் கட்டுப்பாட்டோடு கழிவு விடுவதற்கும். இரண்டாம் வகுப்பு என்று சொல்ல வேண்டுமானால் 100 மில்லி தண்ணீரில் மலக் கோலிஃபார்ம், அதாவது மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமிகள், 100க்கு மேல் இருக்கக்கூடாது, லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க வேண்டும், பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கலங்கல் அதற்கான அலகில் 30 என்.டி.யு.வுக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு நான் பார்த்த டீ நிறத் தண்ணீர் கலங்கலிலேயே மாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அளக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மாநில வாரியம் மாதிரி எடுக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 1990களின் தொடக்கத்திலிருந்து நடந்துவரும் ஒரு திட்டத்தின் கீழ் இந்தியக் கடலோரத்தில் பல இடங்களில் கடல் நீரின் தரத்தைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. சென்னைக் கரையோரத் தண்ணீரில் மலக்கிருமி வரம்பைத் தாண்டி இருப்பதாக ஆய்வுக் கட்டுரைகள் பல முறை சொல்லியிருக்கின்றன. ஆக, எண் இருக்கிறது. அறிக்கையில் இருக்கிறது, கட்டுரையில் இருக்கிறது. மணலில் நிற்கிற ஒருவருக்கு அது போய்ச் சேரும் வழி மட்டும் இல்லை. பெசன்ட் நகர் கரையில் மூழ்கும் ஆபத்து பற்றிய எச்சரிக்கைப் பலகையைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் சுத்தமா என்று சொல்லும் பலகையை நான் ஒரு முறை கூடப் பார்த்ததில்லை.

சரி, பலகையில் எண்ணை எழுதிவிட்டால் போதுமா? இங்கேதான் லேப்காரியாக எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது.

மலக் கோலிஃபார்ம் சோதனை எப்படி நடக்கும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் சுத்தப்படுத்திய பாட்டிலை முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கி, நீர் வரும் திசையைப் பார்த்துத் திருப்பிப் பிடித்து, மேல்மட்டத்துக்கு ஓர் அடி கீழே மாதிரி எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் படாமல், ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு அதை மூன்று அளவுகளில் பிரித்து, ஓர் அளவுக்கு ஐந்து என்று பதினைந்து குழாய்களில் விடுவோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு குட்டிக் குழாய் தலைகீழாகக் கிடக்கும். கிருமி இருந்தால் உணவைத் தின்று வாயு விடும், அந்த வாயு குட்டிக் குழாயில் குமிழியாகத் தேங்கும். எத்தனை குழாயில் குமிழி என்று எண்ணி, அட்டவணையில் பார்த்து எண்ணைக் கண்டுபிடிப்போம். குமிழிக்காக 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 44.5 டிகிரி சூட்டில் வைத்து உறுதி செய்ய இன்னொரு 24 மணி நேரம். சல்லடைத் தாளில் வடிகட்டி வளர்க்கும் முறை கொஞ்சம் வேகமானது, ஆனால் அதற்கும் ஒரு நாள் ஆகும்.

அதாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்த தண்ணீரின் முடிவு திங்கட்கிழமையோ புதன்கிழமையோ வரும். குளித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கடலும் அதற்குள் மாறிவிட்டது. சூரிய ஒளி இந்தக் கிருமிகளைக் கொல்லும் என்பதால் ஒரே இடத்தில் விடிகாலையில் எடுத்த மாதிரியும் மதியம் எடுத்த மாதிரியும் வேறு வேறு எண்ணைக் காட்டும். அலை ஏறும்போது ஒன்று, வற்றும்போது ஒன்று. நேற்றைய எண்ணை இன்று பலகையில் எழுதினால் அது நேற்றைய கடலைப் பற்றிய செய்திதான். அமெரிக்காவில் சான் டியேகோ மாவட்டம் 2022 மே மாதத்திலிருந்து கிருமியை வளர்க்காமல் அதன் டி.என்.ஏ.வை நேரடியாக எண்ணும் முறைக்கு மாறி, மாதிரி எடுத்த அன்றைக்கே முடிவு சொல்கிறது. அந்த வசதி நமக்கும் வரட்டும். அதுவரை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

நான் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாட்டிலும் ஐஸ் பெட்டியுமாகப் போனேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, ஊரூர் குப்பத்துக்கு நேரே ஒன்று, ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு நேரே ஒன்று. கிடைத்த எண்களை இங்கே போடப் போவதில்லை. நாலைந்து நாள் தனி ஆளாக எடுத்த மாதிரியை வைத்து ஒரு கடற்கரையைப் பற்றித் தீர்ப்பு சொல்வது என் தொழிலுக்கு நேர்மையாக இருக்காது, யாராவது அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அதைவிட மோசம். ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்று இடத்துக் குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவை ஒரே கடலின் தண்ணீர் மாதிரி இல்லை. எது மோசம் என்பதும் வாரத்துக்கு வாரம் மாறியது.

ஏன் மாறுகிறது என்பதை எனக்குச் சொன்னது ஒரு பெரியவர். குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, தண்ணி புடிச்சினு போற?"

"டெஸ்ட் பண்றதுக்குங்க ஐயா. கிருமி இருக்கான்னு பார்க்க."

"இருக்கும். இன்னிக்கு இங்கதான் இருக்கும். தண்ணி தெக்க ஓடுது பாரு" என்று கையை நீட்டினார். அலைக்கு அப்பால் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று கரைக்கு இணையாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நான் அதுவரை அதைப் பார்க்கவே இல்லை. "ஆத்துத் தண்ணி ஒடனே வெளிய போவாதும்மா. கரைய ஒட்டியே வரும். கோடையில வந்து பாரு, அப்போ வடக்க ஓடும். அந்தாண்ட பட்டினப்பாக்கம் பசங்களுக்கு அரிக்கும், எங்களுக்கு நல்லா இருக்கும்."

"எப்போ தெளியும்?"

"மூணு நாளு நல்லா வெயில் அடிக்கணும்."

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். சென்னைக் கரையை ஒட்டிய நீரோட்டமும் மணல் நகர்வும் வருஷத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, தெற்கிலிருந்து வடக்கே. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் திசை மாறி, வடக்கிலிருந்து தெற்கே. துறைமுகம் கட்டிய பிறகு மெரினாவில் மணல் சேர்ந்ததும், அதற்கு வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இதனால்தான் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே நீரோட்டம் சாக்கடையையும் சுமக்கும் என்பது ஏனோ பாடத்தில் வரவில்லை.

இப்போது வரைபடத்தை மனசில் விரித்துக்கொள்ளுங்கள். மெரினாவின் வடக்கு முனையில் கூவம் கடலில் சேருகிறது. தெற்கே பட்டினப்பாக்கத்துக்கு அப்பால் அடையாறு சேருகிறது. அதற்கும் தெற்கே பெசன்ட் நகர். கோடையில் நீரோட்டம் வடக்கே ஓடும்போது அடையாற்றின் கழிவு பட்டினப்பாக்கம், மெரினா பக்கம் போகும். மழைக்காலத்தில் தெற்கே ஓடும்போது கூவத்துத் தண்ணீர் மெரினாவுக்கும், அடையாற்றுத் தண்ணீர் பெசன்ட் நகருக்கும் வரும். மெரினாவுக்கு இரண்டு பக்கமும் இடி. பெசன்ட் நகருக்கோ, ஆறு நிரம்பிக் கரைபுரண்டு வரும் அதே மாதங்களில்தான் நீரோட்டமும் இந்தப் பக்கம் திரும்புகிறது. நான் பையனை இறக்கியது சரியாக அந்த நாளில். தினம் தினம் காற்றை வைத்து இது கொஞ்சம் மாறும், ஆனால் அதைக் கரையில் நின்று ஐந்து நிமிஷம் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், அந்தப் பெரியவர் மாதிரி.

இன்னொரு விஷயம் முகத்துவாரத்து மணல் திட்டு. மழை இல்லாத மாதங்களில் அலை கொண்டுவரும் மணல் ஆற்று வாயைக் கிட்டத்தட்ட மூடிவிடும். உள்ளே தண்ணீர் தேங்கி, சேறு படிந்து, கறுத்துக் கிடக்கும். முதல் பெரிய மழையில் அல்லது பொக்லைன் வைத்து வெட்டிவிடும்போது வாய் திறந்து, மாதக்கணக்கில் அடியில் படிந்ததெல்லாம் ஒரே மூச்சில் கடலுக்குள் வரும். அப்படிக் கிளறப்படும் சேறு தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடுவதால்தான் முதல் மழைக்குப் பிறகு அடையாற்றில் மடவை மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன. உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை பார்த்தேன், வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு, காக்கையும் கொத்தவில்லை. ஆக, மழை எவ்வளவு பெய்தது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா, நீரோட்டம் எந்தப் பக்கம் என்ற மூன்றும் தெரிந்தால், குழாயில் குமிழி வரும்வரை காத்திருக்காமல், இன்றைக்கு எந்தக் கரையில் இறங்கக்கூடாது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. சிட்னியில் இருக்கும் என் சித்தி மகள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன் போனில் ஒன்றைப் பார்ப்பாள், இன்று எந்தக் கடற்கரையில் தண்ணீர் எப்படி என்று. பீச்வாட்ச் என்று பெயர். அங்கே ஒரு காலத்தில் சாக்கடை கரைக்குப் பக்கத்திலேயே கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1989ல் போண்டி கடற்கரையில் மக்கள் பெருங்கூட்டமாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள். அந்த வருஷமே இந்தக் கண்காணிப்பு தொடங்கியது, அடுத்த ஓரிரு வருஷத்தில் கழிவைக் கரையிலிருந்து தள்ளி ஆழ்கடலில் கொண்டுபோய் விடும் குழாய்கள் வந்தன. அவர்கள் வெறும் கிருமி எண்ணிக்கையை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை, மழையளவை வைத்து அன்றாடக் கணிப்பு சொல்கிறார்கள். பெருமழைக்குப் பிறகு திறந்த கடற்கரையில் ஒரு நாள், முகத்துவாரம் மாதிரி ஒடுங்கிய இடங்களில் மூன்று நாள் இறங்காதீர்கள் என்பது அவர்களுடைய பொது அறிவுரை. மூன்று நாள்! குப்பத்துப் பெரியவர் சொன்னதும் அதுதான்.

உலக சுகாதார நிறுவனமும் ரொம்ப நாளாக இதைத்தான் சொல்கிறது, கிருமி எண்ணை மட்டும் வைத்து ஒரு கரைக்கு மதிப்பெண் போடாதீர்கள், கரையோரம் நடந்து எந்தக் குழாய் எங்கே திறக்கிறது, எந்த ஆறு எங்கே சேருகிறது என்று பார்த்து இரண்டையும் சேர்த்து முடிவு செய்யுங்கள் என்று. வடிகால் வாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது உண்மையிலேயே முக்கியம். 1995ல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா விரிகுடாவில் ஆயிரக்கணக்கான குளியலாளிகளைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். மழைநீர் வடிகால் வாய்க்கு நேரே குளித்தவர்களுக்கு, 400 கெஜத்துக்கு அப்பால் குளித்தவர்களைவிடக் காய்ச்சல், காதில் சீழ், வாந்தி எல்லாம் கூடுதலாக வந்திருந்தன. காதில் சீழ் என்ற இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஈ.சி.ஆரில் கோவளம் கடற்கரைக்கு 2021ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்கு டென்மார்க்கில் தலைமையிடம் வைத்திருக்கும் ஓர் அமைப்பு கொடுக்கும் சான்று அது. மொத்தம் 33 விதிகள். அதில் எனக்குப் பிடித்தவை தண்ணீர் பற்றியவை. குளிக்கும் காலத்தில் இரண்டு மாதிரிகளுக்கு நடுவே 31 நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது, 100 மில்லியில் ஈ.கோலை 250ஐயும் என்டெரோகாக்கஸ் 100ஐயும் (இரண்டுமே குடலில் வாழும் கிருமிகள்) தாண்டக்கூடாது, தொழிற்சாலைக் கழிவோ சாக்கடையோ அந்தக் கரையைப் பாதிக்கக்கூடாது, முக்கியமாக, முடிவைக் கரையில் பலகையில் காட்ட வேண்டும். என்டெரோகாக்கஸ் எதற்கு என்றால், உப்புத் தண்ணீரில் ஈ.கோலை சீக்கிரம் செத்துவிடும், இது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதனால் கடலுக்கு இதுதான் சரியான சாட்சி. 1970களில் நியூயார்க் கடற்கரைகளில் குளித்தவர்களை வைத்துச் செய்த ஆய்விலேயே, வயிற்றுக் கோளாறோடு நன்றாகப் பொருந்தி வந்தது இந்தக் கிருமியின் எண்ணிக்கைதான் என்று தெரிந்துவிட்டது. நம் இரண்டாம் வகுப்பு அளவுகோலில் மலக் கோலிஃபார்ம்தான் இருக்கிறது. என்டெரோகாக்கஸையும் சேர்க்க வேண்டும் என்று லேபில் இருப்பவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

மெரினாவிலும் நீலக்கொடிக்காக மூங்கில் குடை, சாய்வு நாற்காலி எல்லாம் போட்டார்கள். குடும்பங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் அப்படியே விட்டுவிட்டு மெரினாவின் தண்ணீரைச் சுத்தமாக்க முடியாது. குடை ஒரு மாதத்தில் நட்டுவிடலாம். ஆதனூரிலிருந்து சுமார் 42 கிலோமீட்டர் ஓடிவரும் அடையாற்றில் வழி நெடுகக் கலக்கும் கழிவை நிறுத்துவதுதான் நீளமான வேலை.

எங்கள் தெருவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகாலில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. மழையே இல்லாத மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் என்ன ஓடும்? பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், சில வீடுகளிலிருந்து அதற்கும் மேலே. யாரோ எப்போதோ குழாயைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அது கால்வாய்க்குப் போய், ஆற்றுக்குப் போய், மூன்று நாள் மழையில் நம் பிள்ளை காதுக்கு வருகிறது. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை ஆர்.ஓ. என்ற எதிர்ச் சவ்வூடு பரவல் வரைக்கும் சுத்தம் செய்து, ஆலைக்கு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில், தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைகள் ஏரித் தண்ணீரைக் கேட்பதில்லை, அந்தக் கழிவும் ஆற்றுக்குப் போவதில்லை. ஒரே வேலையில் இரண்டு லாபம். இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன்.

கிருமி மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2019 ஆகஸ்டில் ஓர் இரவு திருவான்மியூரில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, நாங்களும் பாதி ராத்திரியில் ஓடிப்போய்ப் பார்த்தோம். நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி. அது கடலில் இயல்பாக இருப்பதுதான், ஆனால் அளவு மீறிப் பெருகினால் ஆக்ஸிஜன் குறைந்துவிடும். அடுத்த மாதமே மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அந்த வருஷக் கடைசியில் பட்டினப்பாக்கம், மெரினா கரையில் வெள்ளை நுரை பொங்கி வந்தபோது பிள்ளைகள் அதை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். சோப்புத் தண்ணீரும் சாக்கடையும் அலையில் கடைந்த நுரை அது. எண்ணூரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர்கள் படகில் போய் மக்கில் அள்ளினார்கள், கூழைக்கடாக்களின் இறகு கறுத்து ஒட்டிப்போயிருந்தது. அங்கே பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் பல குடும்பங்கள் நின்றன. நமக்கு ஞாயிற்றுக்கிழமை கெடுகிறது, அவர்களுக்குத் தினப்படிச் சோறே போய்விடுகிறது.

வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கேட்டது பெரிசாக ஒன்றும் இல்லை. பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், மெரினா மூன்று இடத்திலும் ஒரு பலகை. மேலே கடைசியாக எடுத்த மாதிரியின் தேதியும் எண்ணும். கீழே இன்றைக்கு இறங்கலாமா வேண்டாமா என்று பெரிய எழுத்தில், தமிழில். அந்தக் கீழ் வரியை முடிவு செய்யும்போது குப்பத்து ஆட்கள் ஒருவரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஆகிறது. மறுபடி போவேன்.

அதுவரை குப்பத்து முனையில் இருக்கும் டீக்கடை அக்கா தன் கடை வாசலில் ஒரு சிலேட்டு மாட்ட இடம் கொடுத்திருக்கிறார். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெரியவர் கடலைப் பார்த்துச் சொல்வார், டீக்கடை அக்காவின் மகன் சாக்பீஸால் எழுதுவான். மழை பெய்த வாரங்களில் "தண்ணி தெக்க ஓடுது. புதன் வரைக்கும் இறங்க வேண்டாம். மணலில் விளையாடினால் கை கழுவிட்டு சாப்பிடுங்க." கடைசி வரி நான் சேர்த்தது, ஈர மணலில் கிருமி தண்ணீரைவிட அதிக நாள் தங்கும். நல்ல வெயில் நாட்களில் "இன்னிக்குப் பரவாயில்லை" என்று மட்டும் இருக்கும்.

போன வாரம் ஒரு அப்பா சிலேட்டைப் படித்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த சின்னப் பெண்ணோடு அங்கேயே நின்று, "யாருங்க இதை எழுதுறது, கார்ப்பரேஷனா?" என்று கேட்டார். பையன் பெரியவரைக் காட்டினான். அந்த அப்பா போய்ப் பெரியவரிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதற்குள் கரையில் ஈரம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து வீடு கட்ட ஆரம்பித்துவிட்டது.